பத்து கிராம் இழை

வெளிநாட்டுப் பாத மருத்துவக் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது நான் ஒரு பெண்மணியின் கட்டைவிரல் நகத்தைப் பாதி வெட்டியிருந்தேன். மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. மூன்று வாரமாக அது அதிரும்போதெல்லாம் உடனே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கையில் கத்தரி. உள்ளே வளைந்து சதைக்குள் இறங்கிய நகம். மீதியையும் வெட்டி, ஓரத்தை ராவி, கட்டுப் போட்டு, "ரெண்டு நாள் தண்ணி படாம பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினேன்.

மின்னஞ்சலில் நான்கே வரிகள். உணர்வுப் பரிசோதனையின் தொடுதல்கள் ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒன்றாகச் சீராக உள்ளன. நோயாளி ஊகித்துப் பதில் சொல்லியிருக்கலாம். எனவே முடிவை ஏற்க இயலாது. பதினான்கு நாட்களுக்குள் புதிய காணொளியை அனுப்பலாம், அதுவே கடைசி வாய்ப்பு.

நான் பாத மருத்துவம் படித்தவள். எங்கள் மருத்துவமனையில் என் பெயர் நகம் வெட்டுற டாக்டர். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் ஒரு திரையை இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் என் அறை என்று சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் விரல் கறுத்திருக்கும். நான் பார்த்து, அறுவை சிகிச்சை மருத்துவருக்குச் சீட்டு எழுதுவேன். வரும் சீட்டைவிட எழுதும் சீட்டு அதிகம்.

இரண்டு வருடம் முன்பு நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் என் வகுப்புத் தோழி அந்த நாட்டுக்குப் போனாள். "இங்க கால் நல்லா இருக்கும்போதே கடுதாசி போட்டு வரச் சொல்றாங்கடி. வந்து ஷூவைக் கழட்டிட்டு ஜோக் அடிக்கிறாங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டச் சான்றிதழ், உறை ஒட்டிய மதிப்பெண் பட்டியல், மொழித் தேர்வு, நன்னடத்தைக் கடிதம், ஆயிரம் மணி நேரப் பணிப் பதிவேடு எல்லாம் போய்ச் சேர்ந்து, எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான். பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் பாதங்களை முழுமையாகப் பரிசோதிக்கும் இருபது நிமிடக் காணொளி. வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. நோயாளி எந்த மொழியிலும் பேசலாம், மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தால் போதும். குடும்பத்தினராகவும் இருக்கலாம்.

மருத்துவமனையில் கேமராவுக்கு அனுமதியில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். அதனால் அப்பா.

முதல் காணொளியில் அப்பா அருமையாகச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நைலான் இழையை நான் ஒவ்வொரு இடமாக வைத்து, அது லேசாக வளையும்வரை அழுத்தினேன். பத்து கிராம் எடை அளவு அழுத்தம் வந்ததும் வளையும்படி செய்த இழை அது. கட்டைவிரல், மூன்றாம் விரல், சுண்டுவிரல், விரல்களின் அடிமேடு, நடுப்பாதம், குதிகால், மேல்பாதம் என்று ஒரு காலுக்குப் பத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றார். மொழிபெயர்ப்புத் தாளில் இருபது முறை "ஆம்" என்று நானே தட்டச்சு செய்தேன். நம் வீட்டில் ஒரு கால் நன்றாக இருக்கிறது என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

*

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னவாம்?"

"திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரே தாளத்துல தொட்டேனாம்."

"தாளம் தப்பினாத்தானே குத்தம்?" என்றாள் தங்கை. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். "அந்த ஊர்ல எல்லாமே தலைகீழா இருக்கும்போல."

நான் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பதினான்கு நாளில் இரண்டு ஞாயிறு. அப்பாவுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். முதல் ஞாயிறு ஒத்திகை, இரண்டாவது ஞாயிறு படப்பிடிப்பு, அன்று மாலை அனுப்பினால் செவ்வாய்க்கிழமைக் கெடுவுக்குள் போய்விடும்.

"ஒரு இடத்துல உக்காரேன்டி. பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா.

அப்போது அப்பா வந்தார். ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பஸ்ஸை ஓட்டுகிறார். காலையில் நாற்பத்திரண்டு பேரை ஏற்றிப் போய் இறக்கி, மாலையில் ஏற்றி வந்து இறக்குவார். வாசலில் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

"இந்த வருஷத்துல இது மூணாவது" என்றாள் அம்மா. "அவ்ளோ பெரிய பஸ்ஸை ஒரு கீறல் இல்லாம கொண்டுவந்து நிறுத்துறீங்க. கால்ல இருக்கிறதைத் தொலைச்சிட்டு வர்றீங்க."

"பஸ் படியில இறங்கும்போது கழண்டிருக்கும்."

"மீதி ஒத்தச் செருப்பு ரெண்டு உள்ள இருக்குப்பா. இதையும் சேர்த்தா கடை போடலாம்" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று சிரித்ததை அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தெருவில் முன்னால் போகிறவர்களின் குதிகாலைப் பார்த்தே நடப்பவள் நான். யார் எந்தப் பக்கம் சாய்ந்து மிதிக்கிறார்கள், யாருக்கு ஷூ ஒரு அளவு சின்னது என்று பழக்கமில்லாதவர்களுக்குக்கூட மனதுக்குள் சீட்டு எழுதுவேன். செருப்பு கழன்றது தெரியாமல் ஒருவர் பஸ்ஸை நிறுத்திய இடத்திலிருந்து வீடு வரை நடந்து வந்திருக்கிறார். நான் சிரித்தேன்.

*

முதல் ஞாயிறு. ஒத்திகைக்குச் சின்னவள் ஒரு ஏற்பாடு செய்தாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு மட்டும் தெரியும்படி காட்டுவாள். அத்தனை விநாடி காத்திருந்து நான் தொட வேண்டும்.

"அப்பா, கண்ணை மூடிக்கோங்க. தொட்டது தெரிஞ்சா மட்டும் ஆமா சொல்லுங்க."

"தெரியுமே. நான்தான் போன தடவை நூத்துக்கு நூறு."

முதல் சீட்டு ஏழு. நான் இழையைக் காற்றில் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வந்தது.

"ஆமா" என்றார் அப்பா.

"இன்னும் தொடவே இல்லப்பா."

"அப்போ கொசுவா இருக்கும்."

சின்னவள் கிளுக்கென்று சிரித்தாள். ஏழு வந்ததும் கட்டைவிரலின் அடியில் இழையை வைத்தேன். வளைந்தது. எடுத்தேன். அப்பா பேசவில்லை. அடுத்தது ஐந்து. சுண்டுவிரல். பேசவில்லை. எதையும் தொடாமல் காத்திருந்தேன். "ஆமா" என்றார். உடனே நடுப்பாதத்தில் தொட்டேன். அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது. புருவங்களுக்கு நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது. கணக்கு எங்கே தவறியது என்று தேடுகிறவரின் சுருக்கம் அது.

சின்னவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

திரும்பத் திரும்பச் செய்தேன். வலது காலில் குதிகாலும் மேல்பாதமும் தெரிந்தன. இடது காலில் குதிகால் மட்டும்.

"போதும்பா. கண்ணைத் திறங்க."

அவர் திறந்ததும் முதலில் சின்னவளைத்தான் பார்த்தார். பிறகு காலை இழுத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"என்ன எப்பலேருந்து?"

"போன தடவை எல்லாத்துக்கும் ஆமா சொன்னீங்களே."

"நீ மூணு எண்ணித் தொட்டே. தினம் எத்தனை சிக்னல்ல நிக்கிறேன், எனக்கு மூணு செகண்டு தெரியாதா? உனக்கு உதவியா இருக்கட்டும்னு சொன்னேன்."

"உதவியா?"

"கால் நல்லா இருந்தாத்தானே உன்னைப் பாஸ் போடுவாங்க?"

"பரீட்சை எனக்குப்பா. உங்க காலுக்கு இல்ல. காலு எப்படி இருந்தாலும் அதை நான் சரியாக் கண்டுபிடிக்கிறேனான்னுதான் பார்க்கிறாங்க."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். குற்றம் என்னுடையது என்பது போல. என்னுடையதுதான். நோயாளிக்கு எதற்காகச் சோதிக்கிறோம் என்று முதலில் விளக்க வேண்டும். தெரியாத ஆளாக இருந்திருந்தால் விளக்கியிருப்பேன். அப்பா என்பதால் நேராக வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

சின்னவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பிரேக் மிதிக்கிறது தெரியுதா?"

"முப்பது வருஷமா மிதிக்கிறேன். கால் தானா போகும்."

"தெரியுதான்னு கேட்டேன்."

கையால் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"முட்டியில தெரியும்" என்றார்.

*

அதன்பிறகு காணொளிக்கு வேறு யார் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. மாடி வீட்டு டெய்லரை வைத்து எடுத்துக்கொள் என்றார் அப்பா. அவருக்குச் சர்க்கரை வந்து நான்கு வருடம்தான், பத்து வேண்டும். மருத்துவமனையில் கேட்டுப் பார் என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து படமெடுக்கலாமா என்று நோயாளிகள் இருவரிடம் கேட்டேன். கேமரா என்றதும் ஒருவர் காலை மடக்கிக்கொண்டார். இன்னொருவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர் பிறகு வரவேயில்லை.

செவ்வாய் மாலை அப்பா தானே பால்கனிக்கு வந்தார்.

"நானே உக்கார்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சும்மா இருந்துடறேன். ஆனா ஒண்ணு. என்ன வேலைன்னு கேப்பேல்ல?"

கேட்க வேண்டும். அது கவுன்சில் கொடுத்த கேள்வித் தாளில் இருக்கிறது. வேலைக்கு ஏற்ற அறிவுரை சொல்ல வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண்.

"வீட்டுலதான் இருக்கேன், வேலைக்குப் போறதில்லைன்னு சொல்லுவேன். சரியா? அந்தப் படம் எங்க போகும், யார் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துல கம்பெனியில மெடிக்கல் செக்கப். கண்ணைப் பார்ப்பாங்க, பிரஷர் பார்ப்பாங்க. காலை யாரும் பார்க்கிறதில்ல."

"அப்பா, இது யாருக்கும் தெரியாமப் போற விஷயம் இல்ல..."

"நீ போய்ச் சேரு. அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் சரி என்றேன். ஒரு வாரம் இருந்தது. காணொளி போகட்டும், பிறகு பேசிப் புரியவைக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் என்னிடம் வருகிற எல்லோரும் நினைத்திருப்பார்கள். இந்த வாரம் போகட்டும். இந்த வேலை முடியட்டும்.

மறுநாள் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். பால்கனியில் நின்று, தெருமுனையில் பஸ் திரும்புவதைப் பார்த்தேன். மருத்துவமனையில் ஒரே நோயாளியின் காலை இரண்டு முறை கழுவினேன். மதியம் அப்பாவுக்கு ஃபோன் செய்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன். எந்த நாளும் கேட்டதில்லை. "சாப்பிட்டேன். பஸ்ஸும் நல்லா இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க?"

"உங்க கூடத்தான். போற வழியில இறங்கிக்கிறேன்."

டிரைவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அங்கிருந்து பெடல்கள் தெரிந்தன. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறினார்கள். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, பாதித் தூக்கம்.

"டிரைவரண்ணே, இது யாரு புது ஸ்டாஃப்பா?" என்றார் ஒருவர்.

"என் பெரிய பொண்ணு. வெளிநாட்டுக்குப் போகப்போவுது."

"அங்க இந்த பஸ் போகாதேம்மா. எதுக்கும் டிரைவர்கிட்ட கேட்டுப் பாரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சிக்னலில் பார்த்தேன். மஞ்சள் விழுந்தது. அப்பாவின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து நகர்ந்தது. அதற்கு முன்னால் அவர் தலை குனிந்தது. ஒரே கணம்தான். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு நிமிர்ந்து மிதித்தார். பஸ் பதமாக நின்றது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சிக்னலிலும் குனிந்தார். அதற்கடுத்ததிலும்.

நான் சொல்லியிருந்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. தொழிற்சாலை வரை போனேன். நாற்பத்திரண்டு பேரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். என் உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள் இருந்தன.

"லேட்டாகும் உனக்கு" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ஆமா" என்றேன்.

*

இரண்டாவது ஞாயிறு. ஜன்னல் திரையை விலக்கி, நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பினோம். அம்மா உள்ளே இருந்துகொண்டாள். சின்னவள் இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

எதற்காக இந்தச் சோதனை என்று முதலில் விளக்கினேன். இந்தத் தடவை முழுவதுமாக. அப்பாவை 'நீங்க', 'வாங்க' என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன். ஆனால் கேமராவுக்கு முன்னால் அந்த 'நீங்க' வேறு மாதிரி இருந்தது. பாத நாடியைப் பார்த்தேன், தோலைப் பார்த்தேன், விரல் இடுக்குகளைப் பார்த்தேன். இடது சுண்டுவிரலின் ஓரத்தில் பழைய கொப்புளம் ஒன்று காய்ந்திருந்தது.

"இது எப்போ வந்தது?"

"தெரியாதுங்க."

இழை முதலில் முழங்கையில். "இப்படித்தான் இருக்கும்." பிறகு பாதம். சீட்டுகளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு எண்ணிக்கையே மறந்துபோயிருந்தது. தொட்டேன், காத்திருந்தேன், தொட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே இருந்தார். குதிகாலில் ஒரு ஆமா. பிறகு விரல்களில் ஒன்றுக்கும் ஆமா வரவில்லை.

"இப்ப தொட்டீங்களா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"தொட்டேன்."

"சரி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். தாளில் அடுத்த வரி வந்தது.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அவருக்காக நான் ஒத்திகை பார்த்த அறிவுரை நாக்கு நுனியில் இருந்தது. வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டு நடங்க, வெறுங்காலோட மொட்டை மாடிக்குப் போகாதீங்க.

"டிரைவர்" என்றார். "ஸ்டாஃப் பஸ். நாப்பத்திரண்டு பேரு."

ஃபோன் ஆடியது. சின்னவள் ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. நான் தாளைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி ரொம்பக் குறைஞ்சிருக்கு. பெடல் மேல கால் இருக்கா, எவ்வளவு அழுத்துதுன்னு உங்களுக்குச் சரியாத் தெரியாது. அதனால இன்னையிலேருந்து வண்டி ஓட்டக்கூடாது. நான் சீட்டு எழுதித் தர்றேன். நரம்பு டாக்டரைப் பாருங்க. வேலை இடத்துலயும் இதைச் சொல்லணும்."

"திரும்ப வருமா, உணர்ச்சி?"

அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.

"போனது வர்றது கஷ்டம். சர்க்கரையைக் கட்டுல வெச்சா மேல போகாமப் பார்த்துக்கலாம்."

"இன்னையிலேருந்தா?"

"இன்னையிலேருந்து."

"சரிங்க டாக்டர்" என்றார். வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டால் கேலியாகத்தான் கூப்பிடுவார். அன்று கேலியாக இல்லை.

சின்னவள் பதிவை நிறுத்தினாள். அப்பா சாக்ஸைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"வேலைக்குப் போறதில்லைன்னு சொல்றதா இருந்ததேப்பா."

"வியாழக்கிழமை நீ பின்னாடி உக்காந்திருந்தே. வண்டியில மேல ஒரு கண்ணாடி இருக்கும். அதுல உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்" என்றார். "ரோட்டைப் பார்க்கணும்னே தோணலை. அப்புறம் எதுக்கு ஓட்டுறது?"

*

திங்கட்கிழமை அவரே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, ஷெட்டில் வண்டிகளின் நேரத்தைக் குறிக்கும் மேசை ஒன்று காலியாக இருக்கிறது, மேலதிகாரிகளிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். அதுவரை வீட்டில்.

வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்ப்பது எனக்குப் புதிது. ஒரு இடத்தில் உட்கார மாட்டார். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "யாருக்கு யாருடி பொறந்தீங்க?" என்றாள். காலையில் அதே நேரத்துக்குத் தெருமுனையில் பஸ் திரும்பும். ஓட்டுவது வேறு ஆள். அப்பா தேநீரோடு உட்கார்ந்திருப்பார். சத்தம் நெருங்கியதும் அவர் இடது கால் தரையை அழுத்தும், கிளட்ச்சை மிதிப்பது போல. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"ரெண்டாவதுல எடுக்க வேண்டிய திருப்பம். மூணுல எடுக்கிறான் பாரு" என்பார்.

காணொளியை அனுப்பிய பன்னிரண்டாம் நாள், பஸ் திரும்பும் அதே நேரத்தில் ஃபோன் அதிர்ந்தது. எனக்குக் கையில் கத்தரி இல்லை, கையுறை இல்லை, தள்ளிப்போட ஒன்றுமே இல்லை. திறந்தேன்.

பரிசோதனையும் அறிவுரையும் ஏற்கப்பட்டன. பதிவு எண் தனியே அனுப்பப்படும். பதினேழாவது நிமிடத்தில் கேமரா ஆடியிருக்கிறது, ஆயினும் மதிப்பீட்டுக்குத் தடையில்லை.

"நான் ஆட்டலை. ஃபோன்தான் ஆடுச்சு" என்றாள் சின்னவள். அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ஒன்றும் காதில் விழவில்லை. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"என் காலு?"

"ஃபெயில்ப்பா."

"நீ?"

"பாஸ்."

தலையாட்டினார். இரண்டும் ஒரே தாளில் வரலாம் என்பதை இன்னொருமுறை சரிபார்த்துக்கொள்பவர் போல இருந்தார். பிறகு நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். வாசலில் நான் வாங்கிக் கொடுத்த, பட்டை வைத்துக் கட்டும் ஷூ இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே கையைவிட்டு நுனிவரை துழாவினார். கல் இல்லை, ஆணி இல்லை. அதன் பிறகுதான் காலை நுழைத்தார்.

பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இறுக்கமா இருக்கான்னு நீயே பார்த்துச் சொல்லிடு."

குனிந்து, பட்டைக்கும் பாதத்துக்கும் நடுவில் என் விரலை நுழைத்துப் பார்த்தேன்.